கல்லாவில் ஆள் இல்லாத கடை

ஹாக்கர் என்றதும் அடுத்தவர் வங்கிக் கணக்கைத் துழாவும் ஆசாமிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அந்தப் பெயரையே சூட்டிக்கொண்ட கூடங்களில் கடைக்காரர் இல்லாத கடை நடக்கிறது என்றால் வேடிக்கைதானே! ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், 'ஹாக்கர்ஸ்பேஸ்' எனப்படும் இடங்கள் பல உண்டு. பெர்லினில் உள்ள சி-பேஸ் 1995-ல் தொடங்கியது, வியன்னாவின் மெட்டாலாப் 2006-ல். கணினி, மின்னணுச் சாமான், தச்சு என்று ஏதாவது ஒன்றைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் சந்தா கட்டி, வாடகையைப் பகிர்ந்துகொண்டு நடத்தும் இடங்கள். இத்தகைய கூடங்களில் பெரும்பாலும் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும். பாட்டிலை எடுப்பவரே பெட்டியில் காசு போட வேண்டும், அல்லது தாளில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும்.

அந்தக் கோட்டுத் தாளுக்கு ஜெர்மன் மொழியில் 'ஸ்ட்ரிஷ்லிஸ்டே' என்று பெயர். அதே பெயரில் ஒரு கட்டற்ற மென்பொருளும் இருக்கிறது. கூடத்திலேயே ஒரு சிறு கணினியில் அதை நிறுவி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை மாட்டிவிட்டால் போதும். பெயரைத் தொடு, தொகையைத் தொடு, இருப்பு குறைந்துவிடும். பெட்டியில் காசு போட்டால் அதே போல ஏற்றிக்கொள்ளலாம். தவறாக அழுத்திவிட்டால் சில நிமிடங்களுக்குள் ரத்து செய்யலாம். கூடம் வைத்திருக்கும் எல்லை வரை கணக்கு மைனஸிலும் போகலாம். கடவுச்சொல் எதுவும் கிடையாது.

கடவுச்சொல் இல்லையா! அடுத்தவன் பெயரில் குடித்துவிட்டால்? வணிகவியல் படிக்கும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். அதற்கு விடை 1984-ல் வாஷிங்டன் பகுதியில் பேகல் ரொட்டி விற்கக் கிளம்பிய பால் ஃபெல்ட்மன் என்பவரின் கணக்கு நோட்டில் கிடக்கிறது. காலையில் அலுவலகம் அலுவலகமாக ரொட்டியும் ஒரு காசுப் பெட்டியும் வைத்துவிட்டுப் போவார், பிறகு வந்து வசூலை எடுத்துக்கொள்வார். 'ஃப்ரீக்கனாமிக்ஸ்' (2005) நூலால் பிரபலமான அந்தக் கணக்கின்படி, அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் வசூல் 95 சதவீதம். வெளியே 90-ஐத் தாண்டினாலே நேர்மையான இடம் என்று வைத்துக்கொண்டார். பின்னாளில் மொத்த வசூல் 87 சதவீதம் வரை இறங்கியது. ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 பெட்டிகள் வைத்தும், களவு போனது சராசரியாக ஒன்றே ஒன்று! ரொட்டிக்குக் காசு போடாமல் நழுவுகிறவர்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. சிறிய அலுவலகங்களில் வசூல் இன்னும் மேல். முகம் தெரிந்த நாற்பது பேர் கூடும் இடத்துக்கு இது நல்ல சேதிதான்.

கண் படத்தை ஒட்டிவைத்தால் காசு கூடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. 2006-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பெட்டிக்கு மேல் கண் படம் இருந்த வாரங்களில், பூ படம் இருந்த வாரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. ஆனால் பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. ஆகவே கேமரா வாங்கும் யோசனையை விட்டுவிடலாம். அந்தக் காசுக்கு இரண்டு கிரேட் பானம் வரும்.

பெட்டியில் பணம் குறையும்போது எல்லோரும் திருடனைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது காலி பாட்டிலை. ஜெர்மனியில் பாட்டிலுக்கு முன்பணம் உண்டு. இந்தக் கூடங்களின் செல்லப் பானமான கிளப்-மாட்டேயை எடுத்துக்கொண்டால், ஒரு பாட்டிலுக்கு 15 சென்ட், கிரேட்டுக்கு 1.50 யூரோ, ஆக 20 பாட்டில் கொண்ட கிரேட்டுக்கு 4.50 யூரோ. குடிப்பவர் பாதிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார். வாரம் ஐந்து பாட்டில் இப்படி வெளியேறினால் வருடத்துக்கு 39 யூரோ காலி. திருடன் யாருமில்லை! (அந்தப் பாட்டிலைக் குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனால் பொறுக்கிப் பிழைக்கும் ஒருவருக்காவது 15 சென்ட் கிடைக்கும். அது வேறு கதை.) மொத்த வியாபாரி விலையை ஏற்றியிருப்பார், டேப்லெட்டில் பழைய விலையே ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் சொந்தக் காசில் கிரேட் வாங்கிவந்து எழுத மறந்திருப்பார், அப்போது கணக்கு எதிர்ப்பக்கம் இடிக்கும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் முன்கூட்டியே ஏற்றிவைத்த பணம் கூடத்தின் வருமானம் அல்ல, பொறுப்பு. ஐந்தொகையில் எதிர்ப்பக்கம் போக வேண்டியது. பெட்டியில் 400 யூரோ கிடக்கிறதே என்று பொருளாளர் ஒரு துளையிடும் இயந்திரம் வாங்கிவிட்டால், அடுத்த மாதம் கிரேட் வாங்கக் காசு இருக்காது. பிறகு சந்தேகம் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பும். ரொக்கம், சரக்கிருப்பு, காலி பாட்டிலின் முன்பணம், மைனஸில் நிற்பவர்களின் கடன் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கூட்டி, பிளஸ் இருப்புகளைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான நிலை தெரியும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் போதும். பேரேடு எழுதத் தெரிந்த ஒருவரை அந்தக் கூட்டத்தில் எப்படியாவது பிடித்து உட்கார வைக்க வேண்டும்!

மைனஸ் விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. மாதக் கடைசியில் கையில் காசில்லாத மாணவன் ஒருவன் டேப்லெட்டைத் தொடுகிறான். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அவன் கடன் பளிச்சென்று திரையில் தெரிகிறது. அடுத்த வாரம் அவன் தண்ணீர் குடிப்பான், அதற்கடுத்த வாரம் வராமலே போவான். நூறு பாட்டில் களவு போவதைவிட இந்த நஷ்டம் பெரிது. அதனால் கடனாளிகளைத் தரவரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டும் பழக்கம் உதவவே உதவாது. மொத்தப் பற்றாக்குறையை மட்டும் ஒட்டலாம். தனிக்கடனைப் பொருளாளர் தனியாகக் கேட்கட்டும். எல்லையை 20 யூரோ போல வைத்தால் திருப்பிக் கட்டுவதும் மலையாகத் தெரியாது.

இதையெல்லாம் கார்டு தேய்க்கும் நிறுவனத்திடம் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். கட்டணம் போகட்டும், இரவு 2.15-க்கு யார் கூடத்தில் இருந்தார், வாரத்தில் எத்தனை பீர் குடித்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது வெளியே போகவே கூடாது. சொந்தக் கணினியில் இருந்தாலும் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி துரத்தும், பழைய பதிவுகளை அழித்துவிடுவது உத்தமம். 2020 முதல் ஜெர்மனியில் மின்னணுக் கல்லாக்களுக்குச் சான்றளித்த பாதுகாப்புக் கருவி வேண்டும் என்ற சட்டமும் உண்டு. சாதாரணக் காசுப் பெட்டிக்கு இன்றும் தடையில்லை. தொடுதிரை எந்தப் பக்கம் விழும் என்பதை வரி ஆலோசகரிடம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும்.

சொந்தமாக நிறுவுவதில் ஓர் ஆபத்து. நிறுவியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார், சர்வரின் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும், இரவுதோறும் தரவின் நகல் ஒன்று வேறு கணினிக்குப் போக வேண்டும். திரை செத்துப்போகும் நாளுக்காக ஃபிரிட்ஜ் கதவில் பழைய கோட்டுத் தாளும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கட்டும்.