சோதனைக் குழிக்கு யார் பணம் தருவது?

இந்திய நகரங்களில் புதிய சாலையின் ஆயுள் அடுத்த பள்ளம் வரைதான். மாநகராட்சி தார் போட்டு முடித்த கையோடு குடிநீர்க் குழாய் பதிக்க ஆள் வருகிறார்கள். அவர்கள் மூடிய இடத்தைக் கேபிள்காரர்கள் திறக்கிறார்கள். பழைய நகைச்சுவைதான். ஆனால் பள்ளத்துக்குள் மின் கேபிளும் எரிவாயுக் குழாயும் கிடந்தால் யாரும் சிரிக்க முடியாது.

முறையில்லாமல் தோண்டுவதால் ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசே 2023-ல் சொன்னது. அந்த ஆண்டு மார்ச் 22 அன்று பிரதமர் நரேந்திர மோடி 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செல்போன் செயலியைத் தொடங்கிவைத்தார். தோண்டப்போகும் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கே குழாயோ கேபிளோ பதித்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் 3,000 கோடி என்பது பணக் கணக்கு. குழிக்குள் நிற்பவரின் உயிர் அதில் சேராது.

செயலியில் தகவல் தருபவர் அலுவலகத்தில் இருக்கிறார். ஜேசிபியை ஓட்டுபவர் வேறு ஆள். மணிக்கணக்கில் வாடகைக்கு வந்த அவரிடம் வரைபடம் வந்து சேருவது அபூர்வம். வந்தாலும், குழாய் பதித்த பிறகு சாலை எத்தனை முறை உயர்ந்தது என்பதை அது சொல்லாது.

எனவே கடைசிச் சோதனை கையால்தான். குறியிட்ட இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, மண்வெட்டியால் பதமாகச் சோதனைக் குழி எடுத்து, கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகே வாளி இறங்க வேண்டும். கடப்பாரை ஆகாது. வரிசையாகச் செங்கல்லோ எச்சரிக்கைப் பட்டையோ தென்பட்டால், அடியில் ஏதோ இருக்கிறது.

மின் கேபிளில் வாளி பட்டுவிட்டால், இயந்திரம் தீப்பிடிக்காதவரை ஆபரேட்டர் கேபினைவிட்டு இறங்கக் கூடாது. மின்சாரம் துண்டிக்கப்படும்வரை மற்றவர்கள் நெருங்கக் கூடாது. காப்பாற்ற ஓடிவந்து இயந்திரத்தைத் தொடுபவர்தான் முதலில் விழுவார். எரிவாயுக் குழாய் உடைந்தால் கதை நேர்மாறு: எல்லோரும் உடனே விலகி ஓட வேண்டும். பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக் கூடாது.

இவை ஒன்றும் ரகசியங்கள் அல்ல. சோதனைக் குழி எடுக்க அரைநாள் ஆகும்; அந்த அரைநாளும் இயந்திரத்துக்கு வாடகை ஓடும். அதை யார் தருவது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் குழியை எடுக்க மாட்டார். டெண்டரில் அதற்கென்று ஒரு வரி, ஒரு தொகை. செயலியைவிட அதுதான் முக்கியம்.