சிறிய தொலைநோக்கிக்குக் கோள் அகப்படாதா?

சூரியனல்லாத பிற விண்மீன்களைச் சுற்றிவரும் புறக்கோள்களைத் தேடுவது பல மீட்டர் விட்டமுள்ள ஆடிகளுக்கே உரிய பணி என்றும், பெட்டியளவுச் செயற்கைக்கோள்களில் பொருத்தப்படும் தொலைநோக்கிகள் மாணவர் பயிற்சிக்கு மேல் எதற்கும் உதவா என்றும் ஒரு கருத்து நிலவுகிறது.

பெரிய ஆடி மிகுந்த ஒளியைத் திரட்டும் என்பதே இக்கருத்தின் முதல் ஊன்றுகோல். அது மெய்யே எனினும், அத்துணை ஒளி தேவைப்படுவது தொலைவிலுள்ள மங்கலான விண்மீன்களுக்குத்தான். கடக விண்மீன் குழுவில் 41 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள '55 கேன்க்ரி' இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே புலப்படும். அதன் கோள்களுள் ஒன்று 2004-இல் அறியப்பட்டபோது சுற்றுக்காலம் 2.8 நாள் எனத் தவறாகக் கணிக்கப்பட்டது. அது 18 மணி நேரத்துக்கும் குறைவு என 2010-இல் திருத்தப்பட்ட பின், 15 செ.மீ. விட்டமே கொண்ட கனடாவின் 'மோஸ்ட்' தொலைநோக்கி 2011-இல் இரு வாரங்கள் அவ்விண்மீனை ஏறத்தாழ இடைவிடாது நோக்கி, கோளின் கடப்பை, அதாவது கோள் குறுக்கே செல்கையில் விண்மீனின் ஒளி 10,000-இல் ஏறத்தாழ 4 பங்கு குறைவதைக் கண்டது.

சிறு கலம் அசையாமல் நில்லாது என்பது அடுத்த வாதம். இதற்குச் சற்று வலுவுண்டு. ஒளியுணரியின் நுண்கட்டங்கள் யாவும் ஒரே கூர்மை உடையவை அல்லவாதலால், விண்மீனின் பிம்பம் அவற்றின்மீது சிறிது நகர்ந்தாலும் பொய்யான ஒளிக்குறைவு தோன்றும். ஆயினும் 2017-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள 'ஆஸ்டீரியா', அரை வில்விநாடித் துல்லியத்துடன் இலக்கைப் பற்றி நின்று, உணரியின் வெப்பநிலை மாற்றத்தை ஒரு பாகையின் நூற்றிலொரு பங்களவுக்குள் அடக்கி, மேற்சொன்ன கோளின் கடப்பையே பதிவு செய்தது. கடக்கும் நேரம் முன்பே தெரிந்திருந்தது, குறிகையும் இரைச்சலுக்குச் சற்றே மேலெழுந்தது. ஆகவே இதனைக் கண்டுபிடிப்பு எனக் கொண்டாடுவது மிகை.

பெருந்தொலைநோக்கி இருக்கையில் சிறியது எதற்கு என்போர் நேரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. 6.5 மீட்டர் ஆடியுடைய ஜேம்ஸ் வெப், பல துறையினர் போட்டியிட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் கருவியாதலால், கடப்பு நிகழுமா என்று ஒரு விண்மீனை வாரக்கணக்கில் பார்த்திருக்க அதற்கு இயலாது. கோளின் வளிமண்டலத்தை ஆராய அத்தகைய ஆடியே வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், புவியின் அளவை ஒத்த 'எல்.எச்.எஸ். 475 பி' என்ற கோளை இரண்டே கடப்புகளைக் கொண்டு அது உறுதிசெய்ததாக 2023 ஜனவரியில் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், 10.5 செ.மீ. திறப்புடைய நான்கு ஒளிப்படக்கருவிகளைக் கொண்ட 'டெஸ்' செயற்கைக்கோள் முன்னரே அக்கோளின் விண்மீனைச் சுட்டிக்காட்டி, எப்போது நோக்கவேண்டும் என்பதையும் கணிக்க உதவியிருந்ததே.