பல்லைப் பிடிச்சுப் பாரு மச்சி!

காங்கேயம் பக்கத்துல கண்ணபுரம் மாட்டுச் சந்தை பார்த்திருக்கீங்களா? காளை வாங்க வர்ற பெரியவர், விற்கிறவர் சொல்ற வயசை நம்ப மாட்டார். நேரா வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா... மேட்டர் ஓவர்!

நெட்வொர்க்கிலும் பல் பார்க்கலாம் பாஸ். ஸ்விட்ச், பிரின்டர், சர்வர் என பல பெட்டிகளுக்குள்ளே 'ஏஜென்ட்'னு ஒரு குட்டி புரோகிராம் இருக்கும். அது பேசுற பாஷை எஸ்.என்.எம்.பி. 1988-ல் பிறந்தது. யு.டி.பி. 161-வது போர்ட்டில் காதை வைத்துக் காத்திருக்கும். 1.3.6.1.2.1.1 என்ற 'சிஸ்டம்' கிளையைக் கேட்டால், 'நான் இன்ன மெஷின், என் பேர் இது, இங்கே இருக்கேன், பிரச்னைன்னா இவரைக் கூப்பிடு, இத்தனை நேரமா ஓடுறேன்' என்று ஒப்பிக்கும். (இடமும் ஆளும் நாம எழுதி வைக்கணும். பெரும்பாலும் காலியாத்தான் கிடக்கும்!)

இப்போ ஒரு சீன். காங்கேயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. நீங்கதான் புது சிஸ்டம் அட்மின். காலையில் பில்லிங் சர்வரைக் கேட்டால், 'ஓடி 3 மணி நேரம்' என்கிறது. முதலாளி டென்ஷன். "ஏந்தம்பி, ராத்திரி ஆரு அதை அணைச்சது?" எல்லார் பார்வையும் வாட்ச்மேன் மேல. "நானு அந்தப் பக்கமே போகலீங்க"ங்கிறார் அவர். உங்க கையில் இருக்கிற பிரின்ட்-அவுட் அவர் வேலைக்கே உலை வைக்கும்.

கொஞ்சம் பொறுங்க! அந்த 3 மணி நேரம் சர்வரோட வயசு இல்லை, ஏஜென்ட்டோட வயசு. விடியற்காலை ஒரு அப்டேட் வந்து ஏஜென்ட்டை மட்டும் ரீ-ஸ்டார்ட் பண்ணியிருந்தாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். பெட்டியோட நிஜ வயசு வேணும்னா, 1.3.6.1.2.1.25.1.1-ஐக் கேளுங்க. அது 40 நாள்னு சொன்னா, வாட்ச்மேன் சொன்னது நிஜம். ஸ்விட்ச், பிரின்டர்ல இந்தக் கிளை இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு வில்லங்கம். இந்தக் கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுது. 32 பிட்தான் இடம். அதனால 497 நாள் ஆனதும் தானே பூஜ்யத்துக்குத் திரும்பிடும். ஒன்றரை வருஷமா அணையாத ஸ்விட்ச், 'நேத்துப் பிறந்தேன்'னு சத்தியம் பண்ணும்!

கேட்கிறதுக்கு ஒரு பாஸ்வேர்டு மாதிரி வேணும். பல மெஷின்களில் கம்பெனியே வைத்து அனுப்புற வார்த்தை 'பப்ளிக்'. பேரைப் பாருங்க! பழைய வெர்ஷன்களில் அது வயரில் அப்பட்டமாகவே போகும். பூட்டுச் சாவியோட வந்த 3-வது வெர்ஷன் 2002-ல் முழு ஸ்டாண்டர்ட் ஆச்சு. இருந்தால் அதையே போடுங்க.

காலேஜ் லேப்பில் உத்தரவு இல்லாமல் கை வைக்காதீங்க, ஐ.டி. சட்டம் 43-வது பிரிவு இருக்கு. சொந்த லினக்ஸில் இலவச நெட்-எஸ்.என்.எம்.பி. போட்டு 127.0.0.1-ஐக் கேட்டுப் பழகுங்க. ரெண்டு வயசையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. அப்புறம் ஏஜென்ட்டை மட்டும் ரீ-ஸ்டார்ட் பண்ணி மறுபடி கேளுங்க.

அடுத்த வாரம், நாம கேட்காமலே ஏஜென்ட் அலறுற 'ட்ராப்'!