அணி மாறிய மல்லர்

முடிவு முன்னரே வகுக்கப்பட்ட மற்போரில் சுவை யாது என வினவுவார் உளர். காமன் எரிவான் என்பதை அறிந்தே நம் தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் காமன் கூத்தைக் கண்டு நெஞ்சுருகுகின்றனர். கூத்தின் உயிர் முடிவில் இல்லை. அதனை நோக்கிச் செல்லும் வழியில் உளது. ஆயினும், அமெரிக்காவில் 1995 முதல் 2001 வரை இரு மல்யுத்த நிறுவனங்கள் நடத்திய போட்டியில் கூத்தல்லாத மெய் ஒன்றும் இருந்தது. அது மல்லர்கள் நிறுவனம் மாறியமை. ருவான்வெல்லையில் என்னிடம் பாடங்கேட்கும் மாணவர் இன்றும் விரும்பிப் பேசும் அக்கதையைச் சற்று நோக்குவாம்.

வின்ஸ் மக்மஹனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஒருபுறம், செல்வர் டெட் டேர்னரின் டபிள்யூ.சி.டபிள்யூ. மறுபுறம். 1995 செப்டெம்பரில் டேர்னரின் நிறுவனம், மக்மஹனுக்கு உரியதாயிருந்த திங்கள் இரவிலேயே தன் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. எதிரணி மல்லர் லெக்ஸ் லூகர் முன்னறிவிப்பின்றி அதில் வந்து நின்றார். 1996 மே மாதத்தில் ஸ்கொட் ஹோலும் ஜூனில் கெவின் நாஷும் பகைநாட்டிலிருந்து படையெடுத்தார் போல் புகுந்தனர். ஜூலை 7 இல், பல்லாண்டு நாயகனாய் விளங்கிய ஹல்க் ஹோகன் வில்லனாகி அவர்களோடு சேர்ந்தார். பார்வையாளர் கணக்கில் டேர்னரின் அணி தொடர்ந்து 83 வாரங்கள் முந்திநின்றது.

இதன் காரணத்தை வீடணன் கதை விளக்கும். அவனால் இராமன் பக்கம் வலிமை பெற்றது ஆளொருவன் கூடியதாலன்று. இலங்கையின் உட்செய்தி அனைத்தும் அவனுடன் வந்தமையால். அவனைக் களனியில் தெய்வமாக வழிபடுவோரும் உளர். அணி மாறும் மல்லனும் பழைய வீட்டின் பெருமையையும் பகையையும் சுமந்தே வருகின்றான்.

ஆயின், பிறர் வீட்டுப் பெயர்களை ஈர்த்த நிறுவனம் தன் வீட்டுப் பிள்ளைகளை மறந்தது. 1995 இல் காயமுற்றிருந்த ஸ்டீவ் ஒஸ்டினை அது விலக்கிற்று. அவரே 1998 இல் எதிரணியின் சாம்பியனாகிப் போட்டியின் போக்கைத் திருப்பினார். 1999 ஜனவரி 4 இல், முன்பு தம்மிடமிருந்த மிக் ஃபோலி எதிரணியில் பட்டம் வெல்லவிருப்பதை அதன் அறிவிப்பாளர் எள்ளலாக முன்கூட்டியே சொன்னார். கேட்டவருட் பெருந்தொகையினர் அவ்வெற்றியைக் காண அலைவரிசையை மாற்றினர்! உயரிடம் கிட்டாத கிறிஸ் ஜெரிக்கோ 1999 இலும், எடி குரேரோ 2000 இலும் எதிரணி சேர்ந்தனர். 2001 மார்ச்சில் மக்மஹன் அந்நிறுவனத்தையே வாங்கிவிட்டார்.

பண இழப்பும் தாய் நிறுவனத்தின் இணைப்புமே வீழ்ச்சிக்குக் காரணம் என்பர் சிலர். அவையும் காரணங்களே. எனினும், இளையோர்க்கு இடமளித்திருப்பின் அவ்விழப்பு அத்துணை பெருகியிராது என்பது என் கருத்து.

நம் இலக்கிய மன்றங்கள் இதனை எண்ணுதல் வேண்டும். விழாதோறும் தலைநகரப் பெயர்களையே மேடையேற்றுகின்றோம். தோட்டத்தில் பிறந்து கவிதை எழுதும் இளைஞனுக்கு நன்றியுரை மட்டுமே எஞ்சுகின்றது. பெயர் பெற்றோர் வருக. அவர் வரவால் அவை நிறையும். ஆயின் நம் ஒஸ்டினை நாமே வெளியே அனுப்பிவிட்டுப் பின்னர் வேற்றூர் மேடையில் அவனைக் கண்டு கைதட்டுதல் தகுமோ? வரும் விழாவில் சிறப்புரையை அவனுக்கே அளிப்போமாக.