வேலைக்கு முன் பணம் கேட்பவன் யார்?

அரைப்பேர் போட்டதற்கும் நிறுவையில் கிலோ கழித்ததற்கும் டிக்கோயாத் தோட்டங்களில் நம் தாய்மார் வாதாடியதை நாம் அறிவோம். அங்கே தராசாவது கண்முன் இருந்தது. காணியிழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று இணையத்தின் வழியே தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று வெளிநாட்டாருக்கு வேலை செய்கிறார்கள். கூலி தருபவரின் முகமே தெரியாது.

"பதிவுக் கட்டணம் கட்டினால் வேலை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அது வேலையல்ல. முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பிறகு பெருந்தொகை கேட்பவர்களும் உண்டு. நம் மூதாதையரைக் கடன் எழுதிய துண்டுக் காகிதம் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. நகையை அடகுவைத்து வேலை வாங்கும் பிள்ளை மறுபடி அதே கடனுக்குள்தான் போகிறது.

அப்வொர்க் போன்ற தளத்தில், வேலைக்கு இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் செய்தால், வாடிக்கையாளர் பணத்தை முன்கூட்டியே தளத்திடம் கட்டுவார். கட்டியதைப் பார்த்த பின்பே வேலையைத் தொடங்கவேண்டும். தளத்தின் வழியாக ஒப்படைத்து 14 நாட்களுக்குள் அவர் மறுமொழி தராவிட்டால் பணம் நமக்கு விடுவிக்கப்படும். "வெளியே பேசிக்கொள்வோம், கமிஷன் மிச்சம்" என்பவருக்கு இணங்கினால் இந்தக் காவல் போய்விடும். பிணக்கு வந்தால் தளத்தில் உள்ள பேச்சும் ஒப்பந்தமுமே சாட்சி.

ஏமாந்த பிள்ளையை ஏசிப் பயனில்லை. ஏச்சுக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். அன்றே வங்கிக்கு அறிவியுங்கள். செய்திகளை அழிக்காமல் பிள்ளையோடு பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறைப்பாடு செய்யுங்கள்.