வெட்பாலையும் வெற்றுரையும்

நோயால் வரும் துன்பம் ஒரு பங்கென்றால் ஊரார் பார்வையால் வரும் துன்பம் பல பங்காகும் நோய்கள் சில உள. தோலில் சிவந்த திட்டுகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்கள் படர்ந்து உதிரும் காளாஞ்சகப்படை அவற்றுள் ஒன்று. ஆங்கில மருத்துவர் இதனைச் சோரியாசிசு என்பர். இந்நோயர் முடிதிருத்தகம் செல்லக் கூசுகின்றனர். கடுங்கோடையிலும் முழுக்கைச் சட்டைக்குள் உடலை மறைக்கின்றனர். திருமணப் பேச்செடுத்தாலே நடுங்குகின்றனர். தொழுநோயெனக் கருதி அருகில் அமர மறுப்போர், படித்தவர் மிகுந்த மயிலையிலும் அடையாற்றிலுங்கூட இல்லாமலில்லை. இஃது அறியாமையின் கொடுமை! இந்நோய் தொடுவதாலோ உடனிருந்து உண்பதாலோ பரவுவதன்று.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்ந்து தன் உடலையே தாக்குவதால் விளைவது இது. நலமான தோலின் அடியில் பிறக்கும் உயிர்மம் மேலேறி உதிர ஏறத்தாழ 28 நாள்களாகும். இந்நோயிலோ மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் அது மேலே வந்துவிடுகிறது. முதிராத உயிர்மங்கள் குவிந்து செதிலாகின்றன. சிலர்க்கு மூட்டுகளும் வீங்கி முடங்குகின்றன. முற்றாக நீக்கும் மருந்து இதற்கு இன்னும் இல்லை என்பதை, 2014-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பேரவையே தன் தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது. ஆயினும், நோயை அடக்கி வைத்து நல்வாழ்வு வாழ வழிகள் உண்டு.

அவ்வழிகளுள் ஒன்றாகத் தமிழ் மருத்துவர் கண்டது வெட்பாலை. அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் கருநீலங்கலந்த செந்நிறம் பெறுகிறது. மயிலையிலும் தியாகராயர் நகரிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அவ்வெண்ணெயை இன்றும் வாங்கலாம். அந்நிறம் எங்கிருந்து வந்தது? வெட்பாலை சாயம் தரும் மரம். அதன் இலத்தீன் பெயரிலேயே அப்பொருள் பொதிந்துள்ளது. அவுரியில் உள்ள நீலச்சாயமும், இந்திருபின் என்னும் செஞ்சாயமும் இவ்விலையில் உண்டென்று வேதியலார் பிரித்துக் காட்டியுள்ளனர்.

இங்கேதான் தமிழரின் இருவகைப் பிழைகளும் தலைகாட்டுகின்றன. ஆங்கிலம் கற்றார் சிலர், பச்சிலை என்ற சொல்லைக் கேட்டதுமே இகழ்ந்து சிரிக்கின்றனர். மற்றொரு சாரார், முன்னோர் சொல்லிவிட்டனர், இனி ஆய்வு எதற்கென்று முழங்கி, மூன்றே திங்களில் வேரோடு நீங்குமெனச் சுவரொட்டி ஒட்டுகின்றனர். முன்னவர் மருந்தை எடுத்துப் பாராமலே எறிகின்றனர். பின்னவர் அதனை ஆய்ந்து பாராமலே விற்கின்றனர். இரண்டினும் நோயர்க்கு நன்மையில்லை.

தைவான் நாட்டினர் செய்ததைப் பாருங்கள். சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் நீலத்தூளை அங்குள்ள சாங் குங் மருத்துவமனை மருத்துவர் ஆய்வுக்கு எடுத்தனர். நோயர் 42 பேர். ஒவ்வொருவர் உடலிலும் இருபுறமும் ஒத்திருந்த திட்டுகளுள் ஒன்றில் நீலத்தூள் களிம்பும், மற்றொன்றில் மருந்து சேராத வெறுங்களிம்பும் 12 கிழமைகள் பூசப்பெற்றன. எதில் எது என்பதை மதிப்பிட்டவர் அறியார். முடிவில் 31 பேர்க்கு, மருந்து பூசிய திட்டு முற்றிலுமோ பெரும்பாலுமோ மறைந்தது. 2008-இல் இதனை அமெரிக்கத் தோல்மருத்துவ இதழில் வெளியிட்டனர். அத்தூளின் ஆற்றலுக்கு முதன்மைக் கரணியம் இந்திருபினே எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. அதே பொருள் வெட்பாலை இலையிலும் இருக்கிறது!

ஆனால், இலையில் இருப்பது எண்ணெயில் எவ்வளவு இறங்குகிறது? எவ்வளவு தோலுக்குள் செல்கிறது? எத்தனை நாள் பூசலாம்? இவற்றிற்கு விடை தருவது அளவுக்கோலேயன்றி ஆரவாரமன்று. இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்பதும் பேதைமையே. மேலே பூசியபோது நன்மை செய்த அந்நீலத்தூளையே குடற்புண்ணுக்காக உட்கொண்டோருள் சிலர்க்கு, நுரையீரல் குருதிக் குழாய்களில் அழுத்தம் மிகுந்தது கண்டு, 2016-இல் சப்பான் அரசு எச்சரிக்கை விடுத்தது. இங்கோ பச்சிலை மருந்தென்ற பெயரில் இசுட்டீராய்டை மறைவாகக் கலந்து விற்கும் கயவரும் உளர். உட்கொண்டு வந்த இசுட்டீராய்டைத் திடுமென நிறுத்தினால், சீழ்க்கொப்புளங்களோடு நோய் சீறி எழக்கூடும். ஆதலின், சுவரொட்டியை நம்பி, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

சென்னைக்கு நிறுவனங்கள் இல்லையா? நாட்டு மருத்துவர் 1944-இல் ஒன்றுகூடி அமைத்த கூட்டுறவு மருந்தகம் அடையாற்றை அடுத்த திருவான்மியூரில் இருக்கிறது. அரும்பாக்கத்தில் நடுவணரசின் சித்த ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இவை ஒன்றுசேர்ந்து வெட்பாலை எண்ணெயைத் தைவானியர் முறையில் பல நூறு நோயரிடம் ஆய்ந்து, வென்றாலும் தோற்றாலும் முடிவை மறையாது வெளியிட வேண்டும். அம்முடிவு ஆங்கில இதழோடு நின்றுவிடலாகாது. எது பயன்படும், எது பயன்படாது, எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பதைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு, மருந்துக் கடைதோறும் மருத்துவமனைதோறும் வைக்க வேண்டும். நோயர் தம் நோயைத் தம் தாய்மொழியில் அறியும் நாளில்தான் ஏய்ப்பவர் கடைகள் மூடப்படும். அருகில் அமர அஞ்சுவோர் அச்சமும் ஒழியும்.

முன்னோர் வெட்பாலையைக் கண்டெடுத்துக் கொடுத்தனர். அவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுவது எளிது; அவர்கள் தொடங்கிய ஆய்வைத் தொடர்வதே கடமை. தமிழர் கடமையைச் செய்வார்களாக!