வரைபடம் இருந்தா சதுப்புநிலம் பிழைச்சிடுமா?

ஜிஐஎஸ், சாட்டிலைட், ட்ரோன்... இந்த மூணு வார்த்தையையும் ஒரே அறிக்கையில போட்டுட்டா இயற்கையைக் காப்பாத்தியாச்சுன்னு நம்மூர்ல ஒரு நம்பிக்கை. பொட்டி தட்டுற நாமளும் அதுக்குக் கைதட்டுறோம். கொஞ்சம் பள்ளிக்கரணைப் பக்கம் பாருங்க மக்களே.

2007ல் சதுப்புநிலத்தில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022ல் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமா ராம்சர் பட்டியலில் ஏறியது. எல்லை போட்ட வரைபடமும் ரெடி. சபாஷ்! ஆனா அந்தக் கோட்டுக்குள்ள எந்தெந்த சர்வே நம்பர் வருது? 2025ல் பெரும்பாக்கம் அடுக்குமாடி விவகாரம் உயர் நீதிமன்றம் போனப்பகூட, எல்லையை நேரில் சரிபார்த்து சர்வே நம்பரோட பொருத்துற வேலை முடிஞ்சபாடில்லை. மூணு வருஷம் சாமி! அதே 2025ல், ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதியே கொடுக்காதீங்கன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியதாச்சு.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு டேபிள் இருக்கு, சேர்க்கிறதுக்குக் கீ இல்லை. ராம்சர் எல்லை அட்சரேகை, தீர்க்கரேகையில இருக்கு. பத்திரம், பட்டா, கட்டட அனுமதி எல்லாம் சர்வே நம்பர்ல ஓடுது. ரெண்டும் சேராத வரைக்கும் அந்த வரைபடம் சுவத்துல மாட்டுற காலண்டர் படம்தான்.

"கஷ்டமான வேலை தம்பி"ம்பாங்க. கஷ்டம்தான். பழைய புலப்படம் சங்கிலி பிடிச்சு அளந்தது. எல்லைக்கல்லைத் தேடிப்போய் ஜிபிஎஸ் வெச்சுப் பொருத்தணும். ஆனா பட்டா, புலப்படம் ரெண்டும் இணையத்திலேயே கிடைக்கிற ஊர்ல இது முடியாத வேலையா?

"வெளியிட்டா மனை விலை விழும், ஜனங்க பயந்துடுவாங்க"ன்னு இன்னொரு சாக்கு. மறைச்சு வெச்சா மட்டும் யாருக்கு லாபம்? வித்தவன் காசோட போயிடுவான். இருபது வருஷ இ.எம்.ஐ.யில வீடு வாங்கினவன்தான் கோர்ட்டுக்கும் அலையணும், மழை வந்தா படகுக்கும் காத்திருக்கணும். 2015லயும் 2023லயும் பார்த்தோமே! தெற்குச் சென்னையின் தண்ணி இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாத்தான் கடலுக்குப் போகணும். வழியில கான்கிரீட் நின்னா அது வீட்டுக்குள்ளதான் வரும்.

கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. கோடு போட்டவங்க சர்வே நம்பர் பட்டியலையும் பொதுவில் போடட்டும். மனை வாங்கப்போறவர் நம்பரைத் தட்டினதும் 'இது சதுப்பு'ன்னு தெரியணும். பதிவு பண்றவருக்கும் அனுமதி கொடுக்கிறவருக்கும் அதே திரை தெரியணும். அதுவரைக்கும் ட்ரோன் படத்தைக் காட்டிப் புல்லரிக்க வைக்காதீங்க, ப்ளீஸ்.